பூட்டானில் ஏழு இரவுகள்

“கடன் அரைவாசிகூடக் கட்டி முடியேல்லை. உனக்கு இப்ப வெளிநாட்டுச் சுற்றுலாவோ பிள்ளை?”

அம்மா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டதில் பிழையும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பெட்டி படுக்கையோடு வெளிநாடு போகிறாள் என்றால் அது வீட்டு வேலைக்காக இருக்கும், அல்லது பிள்ளைகளிடம் போவதாக இருக்கும். யோகா செய்யவும் ஊர் பார்க்கவும் போகிறேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

என்னோடு ஒன்றாகப் படித்த தோழி ஒருத்தி 1998 இல் கனடாவுக்குப் போனவள். இப்போது அங்கே பெண்களுக்கு யோகா கற்பிக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை தன்னிடம் படிப்பவர்களைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு நாட்டுக்குப் போவாள். 2024 ஐப்பசியில் பூட்டானுக்குப் போவதாக முடிவானது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, போரால் பாதிக்கப்பட்ட நான்கு பேரை இலங்கையிலிருந்து தங்களோடு அழைத்தார்கள். நான், மன்னாரிலிருந்து ஒரு தங்கச்சி, வாகரையிலிருந்து ஓர் அக்கா, அநுராதபுரப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள அக்கா. எல்லாமாகப் பன்னிரண்டு பேர்.

விடயம் வெளியே தெரிந்ததும் எங்கள் மகளிர் குழுவிலேயே ஒருவர் சொன்னார்: “அந்தக் காசுக்கு நாலு பேருக்கு ஆடு வாங்கிக் குடுத்திருக்கலாம்.” அதுவும் உண்மைதான். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். 2009க்குப் பிறகு எங்களுக்கு ஆடு தந்தார்கள், கோழிக்கூடு தந்தார்கள், தையல் மெஷின் தந்தார்கள். எத்தனையோ விண்ணப்பப் படிவங்கள் நிரப்பினோம். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காணி, எவ்வளவு கடன் என்று கேட்டார்கள். இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்பதற்கு அந்தப் படிவங்களில் இடமிருக்கவில்லை. எனக்குப் பதினைந்து வருடங்களாக விடியப்புறம் மூன்று மணிக்குமேல் நித்திரை இல்லை. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பூட்டானுக்குப் போவது இலேசான காரியமல்ல. விசாக் கட்டணம் 40 டொலர். அதைவிட, தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அரசாங்கத்துக்கு 100 டொலர் கட்ட வேண்டும். முன்பு இது 200 ஆக இருந்து 2023 செப்டெம்பரில் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆட்கள் அதிகமாக வந்து நாட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் சொந்தக் காசில் நினைத்துப் பார்க்க முடியாது.

பாங்கொக் வழியாகப் போனோம். பாறோ விமான நிலையம் 2,200 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. விமானம் இறங்கும்போது சிறகுக்குப் பக்கத்திலேயே வீடுகளும் வயல்களும் தெரிந்தன. மன்னார் தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விமானச் சத்தம் தாழ வந்தால் எங்களுக்கு உடம்பு தானாகக் குனியும். கனடாப் பெண்கள் யன்னலால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைநகரான திம்புவுக்கு வானில் போனோம். அந்த நகரத்தில் சந்திகளில் சமிக்ஞை விளக்கு கிடையாது. பொலிஸ்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கையால்தான் வாகனங்களை விடுகிறார். எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். கிரா என்ற அவர்களுடைய நெசவு உடையை உடுத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு சிவப்பரிசிச் சோறும் ‘எமா தட்சி’யும். மிளகாயைக் கறிக்குச் சரக்காகப் போடாமல் மிளகாயையே மரக்கறியாகச் சீஸில் அவிக்கிறார்கள். கனடாப் பெண்கள் கண்ணீர் விட, வாகரை அக்கா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை விடுதி மண்டபத்தில் பாய் விரித்தோம். மலையில் மூச்சுச் சீக்கிரம் வாங்கும். அதனால் முதல் இரண்டு நாட்களும் அவசரப்படக் கூடாது, மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று தோழி சொன்னாள். கை, கழுத்து, முதுகு என்று மெதுவாக அசைத்தோம். வாகரை அக்காவின் இடுப்பில் 2006 இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. அவருக்குக் கதிரை போட்டுக் கொடுத்தாள். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் தோழி, “இனி எல்லாரும் சவாசனம்” என்றாள்.

கனடாப் பெண்களுக்கு அது ஏதோ ஒரு பெயர். எங்களுக்கு அந்தச் சொல் விளங்கும். மன்னார் தங்கச்சி எழும்பி இருந்துவிட்டாள். “நாங்கள் சவங்களைக் கடந்து வந்த ஆக்கள் அக்கா. எங்களைச் சவம் மாதிரிக் கிட எண்டால் எப்பிடி?” என்றாள். நானும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிப் பார்த்தேன். பங்கரின் ஈரமண் மணம் வந்தது. மார்பு அடித்துக்கொண்டது. எழும்பி வெளியே போய்விட்டேன்.

தோழி பின்னால் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். அன்று இரவு எங்கள் நால்வரையும் இருத்தி, எது முடியும் எது முடியாது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. ‘ஓய்வு நிலை’ என்றாள். விரும்பியவர்கள் சுவரோரம் பாயைப் போடலாம், கதவைப் பார்த்தபடி படுக்கலாம். கண்ணை மூடத் தேவையில்லை. இடப்பக்கமாகச் சரிந்து, முழங்காலை மடித்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுவது. மூச்சை நீட்டி வெளியே விடும்போது நெஞ்சுத் துடிப்புக் குறையும், ‘ஆபத்து இல்லை’ என்று உடம்புக்கு விளங்கும் என்றாள். கேட்காமல் யாரும் எங்களைத் தொடவில்லை. மூன்றாவது இரவு நான் ஐந்து மணிவரை நித்திரை கொண்டேன். விழித்து மணிக்கூட்டைப் பார்த்தபோது அது பழுதாகிவிட்டதென்று நினைத்தேன்.

எனக்குள் இருந்த இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும். பூட்டான் பௌத்த நாடு. எங்கள் பக்கத்தில் புத்தர் சிலை என்றால் பக்கத்தில் ஒரு முகாம் இருக்கும் என்பது எங்கள் அனுபவம். அதனால் திம்புவில் உள்ள பெரிய ஞாபகார்த்தத் தூபிக்குப் போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மூன்றாவது மன்னரின் நினைவாக 1974 இல் கட்டப்பட்டது அது. உள்ளே பார்த்தால் முழுக்க வயோதிபர்கள். கையில் செபமாலை, காலில் சப்பாத்து, மடியில் தேநீர்ப் போத்தல். காலையில் வந்து தூபியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். களைத்தால் இருந்து ஊர்க்கதை கதைக்கிறார்கள். சில பெண்கள் நிலத்தில் விழுந்து வணங்கி எழும்பினார்கள். நல்லூரில் எங்கள் பெண்கள் அடி அழிப்பது நினைவுக்கு வந்தது. ஒரு கிழவி என்னைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் இருக்கச் சொல்லித் தட்டிக் காட்டினார். நான் போய் இருந்தேன். ஒரு மதத்தை அதன் கிழவிகளிடமிருந்து பார்ப்பதும் அதிகாரத்தில் உள்ளவர்களிடமிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

அதற்காக அந்த நாட்டில் எல்லாம் நல்லது என்று எழுத நான் வரவில்லை. மொத்தத் தேசிய உற்பத்தியைவிட மொத்தத் தேசிய மகிழ்ச்சியே முக்கியம் என்ற கொள்கை 1970களில் நான்காவது மன்னர் முன்வைத்தது. 2008 அரசியலமைப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. படிப்பும் மருத்துவமும் இலவசம், காடுகளைக் காப்பாற்றுகிறார்கள், உண்மைதான். ஆனால் தெற்கில் வாழ்ந்த நேபாள மொழி பேசும் மக்கள், பெரும்பாலும் இந்துக்கள், இந்த மகிழ்ச்சிக் கணக்கில் விடுபட்டவர்கள். 1985 இல் குடியுரிமைச் சட்டம் இறுக்கப்பட்டது. 1958 இல் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். 1989 இல் எல்லோரும் ஒரே உடை உடுக்க வேண்டும் என்றார்கள், பாடசாலைகளில் நேபாள மொழியை நிறுத்தினார்கள். எதிர்ப்பும் கைதுகளும் தொடர்ந்தன. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் நேபாளத்து முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். 2007க்குப் பிறகுதான் அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் குடியேற்றப்பட்டார்கள்.

என் தோழியிடம் யோகா படிக்கும் ஒருவர் அப்படிச் சிறுமியாக வெளியேறியவர். எங்களோடு அவர் வரவில்லை. “போய் வாருங்கள். அழகான நாடு என்று சொல்லுங்கள். மகிழ்ச்சியான நாடு என்று மட்டும் சொல்லாதீர்கள்” என்று சொல்லி அனுப்பினாராம். மொழியும் உடையும் காகிதமும் ஒரு மக்களை எப்படி ஊரைவிட்டு எழுப்பும் என்பது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் இதை எழுதாமல் விட முடியவில்லை.

நான்காம் நாள் புனாக்காவுக்குப் போகும் வழியில் தொச்சுலா என்ற மலைக்கணவாயில் இறங்கினோம். 3,100 மீற்றர் உயரம், கடுங்குளிர். தூரத்தில் பனிமலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் கங்கார் புவென்சும் என்ற சிகரம் 7,570 மீற்றர். உலகத்தில் இதுவரை யாரும் ஏறாத மலைகளில் அதுவே உயரமானது. மலை ஏறுவதையே பூட்டான் தடை செய்திருக்கிறது. தெய்வம் இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்தக் கணவாயில் ஒரு மேட்டில் 108 சிறிய தூபிகள் நெருக்கமாக நிற்கின்றன. 2003 டிசெம்பரில், பூட்டானின் தெற்குக் காடுகளில் முகாமிட்டிருந்த இந்தியக் கிளர்ச்சிக் குழுக்களோடு பூட்டான் இராணுவம் சண்டை பிடித்தது. அதில் இறந்தவர்களுக்காக மூத்த இராணி கட்டுவித்தது. “எங்கள் வீரர்களுக்கு மட்டுமா?” என்று வழிகாட்டியிடம் கேட்டேன். “கட்டியது எங்கள் வீரர்களை நினைத்து. ஆனால் பிரார்த்தனை இரண்டு பக்கமும் இறந்தவர்களுக்கும்தான். இறந்தவர் எந்தப் பக்கம் என்று பார்த்து எங்களால் பிரார்த்திக்க முடியாது” என்றார்.

நான் அந்தத் தூபிகளுக்கு நடுவில் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் யுத்தம் முடிந்தபின் கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மே 18இல் ஒரு விளக்கேற்ற எத்தனை வருடம் பயந்தோம். இறந்த பிள்ளைக்கு அழுவதற்கும் அனுமதி கேட்டு நின்ற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

சிங்கள அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கணவர் 1996 ஆடியில் முல்லைத்தீவு முகாம் சண்டையில் காணாமல் போன இராணுவத்தினர். நான் முல்லைத்தீவுக்காரி என்பது அவருக்கு முதல்நாளே தெரியும். நான்கு நாளும் நாங்கள் சாப்பாடு, குளிர் தவிர வேறு கதைக்கவில்லை. மன்னார் தங்கச்சிக்குச் சிங்களம் தெரியும். அவள் மூலமாக அன்றுதான் கேட்டார்: “அந்தக் கடற்கரை எப்படி இருக்கும்?” அவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. வெள்ளை மணல், பனைகள், கரையில் இழுத்து விட்ட வள்ளங்கள், பின்னால் நந்திக்கடல், காலையில் வலை இழுக்கும் சத்தம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் கோபம் இல்லாமல் போகவில்லை. அந்த முகாமிலிருந்து வந்த செல்களையும் நான் மறக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் அன்று ஒன்றும் நடக்கவில்லை.

புனாக்காவில் ஆண் ஆறு, பெண் ஆறு என்று அவர்கள் அழைக்கும் போ சூ, மோ சூ இரண்டும் சந்திக்கும் இடத்தில் 1637 இல் எழுப்பிய பெரிய கோட்டை மடம் இருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்து தேநீர் குடிக்கும்போது வழிகாட்டி தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். மேற்கு, மத்திய பூட்டானில் வீடும் வயலும் வழக்கமாக மகளுக்கே போகும். மணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். கேட்க எங்களுக்கு ஆசையாக இருந்தது. எங்கள் தேசவழமைச் சட்டத்தில், சீதனமாக வந்த காணி பெண்ணின் பெயரில் இருந்தாலும் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டவன் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும். இதை நான் சொன்னபோது வழிகாட்டி ஆச்சரியப்பட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, “காணி எங்கள் பெயரில்தான். அதனால் பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பும் எங்கள் தலையில்தான். தம்பிமார் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். பாராளுமன்றத்திலும் ஆண்கள்தான் அதிகம்” என்றார்.

ஆறாம் நாள் பாறோவில் கிச்சு என்ற பழைய கோயிலுக்குப் போனோம். ஏழாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பார்கள். வழியெங்கும் மலைச்சரிவுகளில் கொடிகள். ஐந்து நிறத்தில் கயிற்றில் கட்டிய கொடிகள் உயிரோடு இருப்பவர்களின் நலனுக்கு. உயரக் கம்பத்தில் நட்ட வெள்ளைக் கொடிகள் இறந்தவர்களுக்கு. “நீங்கள் யாருக்காவது கட்ட விரும்பினால் வாங்கித் தருகிறேன்” என்றார் வழிகாட்டி.

என் தம்பி 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இறந்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்றார்கள். அம்மா எடுக்க விடவில்லை. 2017 மாசியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் பந்தல் போட்டு இருந்தபோது, அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் இருந்தார். இப்போது நான் எந்தக் கொடியைக் கட்டுவது? வெள்ளையைக் கட்டினால் அம்மாவுக்குத் துரோகம். நிறக் கொடியைக் கட்ட என் மனது துணியவில்லை. வழிகாட்டிக்கு விடயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விளக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசை வரிசையாக நெய்விளக்குகள் எரிந்தன. “விளக்கு இதெல்லாம் கேட்காது. இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விளக்குத்தான்” என்றார்.

கடல்நீரில் விளக்கெரிக்கும் எங்கள் வற்றாப்பளை அம்மனை நினைத்துக்கொண்டு ஒரு விளக்கை ஏற்றினேன். தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அவன் பெயரை ‘காணாமல் போன’ என்ற சொல் முன்னால் இல்லாமல் நான் சொல்லி எத்தனையோ வருடமாகிறது.

கடைசி நாள் தக்சங். ‘புலியின் கூடு’ என்று உலகம் அறிந்த மடம். பள்ளத்தாக்கிலிருந்து 900 மீற்றர் உயரத்தில், செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலியின் முதுகில் ஏறிப் பறந்துவந்து அங்கே தியானம் செய்தார் என்பது ஐதீகம். அந்தப் புலியாக வந்தது அவருடைய சீடரான யேசே சோக்யால் என்ற பெண்தான் என்றும் சொல்வார்கள். மடம் 1692 இல் கட்டப்பட்டது. 1998 இல் எரிந்து, திரும்பவும் பழையபடி கட்டியிருக்கிறார்கள்.

பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. அதுவரை வாகரை அக்கா குதிரையில் வந்தார். அதற்கு மேல் நடந்துதான் போக வேண்டும். “நீங்க போங்க தங்கச்சி. நான் இஞ்ச இரிக்கன். இவ்வளவு தூரம் வந்து பாக்காமப் போறதா?” என்றார்.

நான் போகவில்லை. எல்லோரும் வற்புறுத்தினார்கள். அவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். 2009 சித்திரையில் மாத்தளன் பக்கம் நடக்க முடியாமல் போன என் பெரியம்மாவை ஒரு மரத்தின் கீழ் இருத்தி, தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, “பிள்ளையளை விட்டிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பிப் போக முடியவில்லை. பெரியம்மாவும் அன்று “நீ போ பிள்ளை” என்றுதான் சொன்னார்.

வாகரை அக்காவும் நானும் வாங்கில் இருந்து அந்த மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விட்டோம். அவர் பெட்டியிலிருந்து எள்ளுருண்டை எடுத்துத் தந்தார். மூன்று மணித்தியாலம் கழித்து மற்றவர்கள் இறங்கி வரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். அந்தப் பயணத்தில் எனக்கு மனது ஆறிய நேரம் அதுதான்.

சகோதரிகளே, இதற்குப் பூட்டான் போக வேண்டியதில்லை. அந்த 100 டொலரும் தேவையில்லை. நான் அங்கிருந்து கொண்டுவந்தது பாய் விரிக்கும் ஒரு முறையை மட்டும்தான். இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் பின்னால், மாமர நிழலில் ஒன்பது பெண்கள் கூடுகிறோம். இயலாதவர்களுக்குக் கதிரை. கண்ணை மூடச் சொல்வதில்லை. படுக்க விருப்பமில்லாதவர் மரத்தில் சாய்ந்து இருக்கலாம். பயம் வந்தால் எழும்பிப் போகலாம், ஏன் என்று கேட்க மாட்டோம். முடிவில் விரும்பியவர் தன்னுடைய ஒருவரின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவார். இருக்கிறாரா இல்லையா என்று நாங்கள் கேட்பதில்லை. நித்திரை இல்லாமல் நெடுநாள் துன்பப்படுபவர்கள் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போக வேண்டும். இரண்டு பேரை நாங்களே கூட்டிப் போனோம். மூச்சுப் பயிற்சி மருந்துக்குப் பதிலாகாது.

ஆடு வாங்கியிருக்கலாம் என்று சொன்னவரும் இப்போது வருகிறார். ஆட்டை மாமரத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுப் பாயில் சரிகிறார்.

அம்மா முதலில் வர மாட்டேன் என்றார். இப்போது எனக்கு முன்பே போய்க் கதிரையில் இருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், “சும்மா காத்து வாங்க வந்தனான்” என்பார். போன கிழமை விளக்கேற்றினார். தம்பியின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு பெரியம்மாவின் பெயரையும் சொன்னார்.